எட்டு வருடம் கழித்து நிரலாக்க முகாம்: ஆறு வாரத்துக்கு எதை இலக்காக வைப்பது?

கேள்வி: வணக்கம் அண்ணே. தேவகோட்டையில் இருக்கிறேன். சென்னையில் ஜாவா நிரல்மொழியில் வேலை பார்த்தேன். 2017-இல் முதல் குழந்தை பிறந்தபோது வேலையை விட்டேன். பிறகு இரண்டாவது குழந்தை, அதற்குள் மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனது, அப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாக்க முகாமில் 6 வாரத்துக்கு இணையவழியாக இடம் கிடைத்திருக்கிறது. பாடம் எதுவும் அவர்கள் நடத்த மாட்டார்களாம், இலக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டுமாம். என் பட்டியல் இது: ரியாக்ட், ஸ்பிரிங் பூட், டாக்கர், குபெர்னெட்டிஸ், மெஷின் லேர்னிங், ரஸ்ட், கிட், லீட்கோடு பயிற்சித் தளத்தில் 200 கணக்கு. இதை 6 வாரத்துக்கு எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். அங்கே இடம் கிடைப்பது சும்மா இல்லை. நீங்கள் எழுதிய நிரலைப் பார்த்து, உங்களோடு உட்கார்ந்து நிரல் எழுதிப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். அதனால் ‘எனக்குத் தகுதி இருக்கிறதா’ என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடலாம்.

அடுத்து, அந்தப் பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். அதில் இருக்கிற எதுவும் தப்பான பாடம் இல்லை. ஆனால் அது உங்கள் பட்டியல் இல்லை. வேலை விளம்பரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு எது எதெல்லாம் தெரியாது என்று எண்ணி எழுதியது. இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறவர்கள் பலர் என்னிடம் காட்டுகிற பட்டியல் ஏறக்குறைய இதேதான். உங்களைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

ரிகர்ஸ் சென்டர் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2011-இல் நியூயார்க்கில் ஹேக்கர் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் இப்போதைய பெயருக்கு மாறியது. அங்கே ஆசிரியர் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, தேர்வும் மதிப்பெண்ணும் கிடையாது. கட்டணமும் கிடையாது, அங்கே வந்துபோனவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் தருகிற பணத்தில் நடக்கிறது. நிரல் எழுதுகிறவர்கள் 6 வாரமோ 12 வாரமோ ஒன்றாக இருந்து, அவரவர் தேர்ந்தெடுத்ததை அவரவர் செய்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது முழுக்க இணையத்துக்குப் போனார்கள். இப்போது நேரிலும் சேரலாம், வீட்டிலிருந்தும் சேரலாம்.

அவர்கள் வருகிறவர்களுக்கு மூன்று வழிகாட்டுதல் சொல்வார்கள். உன் திறமையின் விளிம்பில் நின்று வேலை செய். எதைச் செய்வது என்று நீயே தேர்ந்தெடுக்கும் பலத்தை வளர்த்துக்கொள். கற்றதைத் தாராளமாகப் பகிர்ந்துகொள். இவற்றில் இரண்டாவதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு மிக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். எட்டு வருடத்தில் துரு ஏறியது உங்கள் ஜாவாவில் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஜாவா அவ்வளவு தூரம் ஓடிவிடவில்லை. நீங்கள் 8-ஆம் பதிப்போடு நிறுத்தினீர்கள். 2017 செப்டம்பரில் 9 வந்தது, அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று வருகிறது. 10-இல் ‘வார்’ என்று எழுதி வகையைக் கணினியே கண்டுபிடிக்க விடலாம் என்றார்கள். 16-இல் ரெக்கார்டு நிலையாக வந்தது. அந்த கெட்டர், ஈக்வல்ஸ், ஹாஷ்கோடு எல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய வேலை ஒரு வரியில் முடிகிறது. 2023-இல் வந்த 21-இல், ஒரே நேரத்தில் ஏராளமான வேலைகளை எளிதாக ஓட்ட விர்ச்சுவல் த்ரெட். ஒரு வாரம் உட்கார்ந்தால் கை பழகிவிடும். அடியில் இருக்கிற சமாச்சாரங்களோ அசையவே இல்லை. கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்ளும் டிசிபி அதேதான், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் அதேதான். தரவுத்தளங்களில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸுக்கு உள்ளே இன்றைக்கும் பெரும்பாலும் இருப்பது 1970-களின் தொடக்கத்தில் வந்த பி-ட்ரீ என்ற மர அமைப்பும் அதன் வாரிசுகளும்தான். நீங்கள் கல்லூரியில் படித்ததற்கு வயதாகவில்லை.

துரு ஏறியது வேறு இடத்தில். இந்த எட்டு வருடமும் உங்கள் நாளை முடிவு செய்தது பள்ளிக்கூட வேன் வரும் நேரம், மாமனாரின் மாத்திரை நேரம், மதியச் சமையல், யார் வீட்டு விசேஷம் என்பது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது பெரிய உழைப்பு. ஆனால் ‘எனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை’ என்று கேட்டு ஒரு நாளைத் தொடங்கும் பழக்கம் அதில் கழன்றுவிடுகிறது. அதனால்தான் இலக்கு வை என்றதும் கை தானாக வேலை விளம்பரத்தைத் தேடுகிறது. யாராவது ஒருவர் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் செய்து முடித்துவிடலாம், அதில் நமக்குப் பழக்கம் இருக்கிறது. இந்த 6 வாரமும் அந்தப் பழக்கத்திலிருந்து வெளியே வருவதற்கு. அதை விட்டுவிட்டு எட்டு வருடக் கடனை 6 வாரத்தில் அடைக்கப் போனால், மூன்றாவது வாரம் மூச்சு முட்டும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு அந்த இடம் தேவையா? ரியாக்ட் கற்க அது தேவையில்லை. நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்களே படித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் பூட், டாக்கர் அப்படியே. லீட்கோடு நிச்சயமாகத் தேவையில்லை. அது தினம் அரை மணி நேரம் என்று மாதக்கணக்கில் செய்கிற வேலை, அதைக் கொண்டுபோய் இந்த 6 வாரத்துக்குள் திணிக்காதீர்கள். முகாமில் மட்டும் கிடைப்பது இரண்டு. ஒன்று, இடையில் யாரும் கூப்பிடாத நீண்ட நேரம். மற்றொன்று, ‘இங்கே சிக்கிவிட்டேன், கொஞ்சம் பார்க்கிறீர்களா’ என்றால் உட்காரத் தயாராக இருக்கும் ஆட்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் நகராது என்கிற விஷயம் எதுவோ, அதுதான் முகாமுக்கு ஏற்ற இலக்கு.

அப்படிப் பார்த்தால் உங்கள் பட்டியலில் எனக்குப் பளிச்சென்று படுவது கிட், அதாவது நிரலில் செய்த மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் கருவி. நீங்கள் வேலையை விட்டபோது உங்கள் குழுவில் அதே வேலைக்கு எஸ்விஎன் என்ற பழைய கருவியை வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன், அந்தக் காலத்துப் பெரிய நிறுவனங்களில் அது சாதாரணம். இப்போது எங்கே போனாலும் கிட். கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டு, ஏதாவது குழம்பினால் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறவர்கள் வேலையில் இருப்பவர்களிலேயே ஏராளம். அந்தப் பயம் போக ஒரே வழி, சின்னதாக ஒரு கிட்டை நீங்களே எழுதிப் பார்ப்பது. ஜாவாவிலேயே எழுதலாம். பழைய ஜாவாவுக்கு மெருகு போட்ட மாதிரியும் ஆயிற்று.

கேட்கப் பெரிதாக இருக்கிறது, உள்ளே போனால் அவ்வளவு பெரிதில்லை. கிட் ஒரு கோப்பைச் சேமிக்க என்ன செய்கிறது? ‘ப்ளாப்’ என்ற சொல், ஒரு இடைவெளி, உள்ளடக்கம் எத்தனை பைட் என்ற எண், ஒரு பூஜ்ய பைட், அதற்குப் பிறகு உள்ளடக்கம். இந்த மொத்தத்துக்கும் ஷா-1 என்ற முறையில் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகை, கண்டுபிடிக்கிறது. 40 பதினாறடிமான இலக்கம் (0 முதல் 9, a முதல் f) வரும். மொத்தத்தையும் ஸீலிப் முறையில் சுருக்கி, ஹாஷின் முதல் 2 இலக்கத்தைக் கோப்புறைப் பெயராகவும் மீதி 38-ஐக் கோப்பின் பெயராகவும் வைத்து எழுதிவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு நாளில் எழுதிவிடலாம்.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ‘ஹலோ’ என்று ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள், சரியாக வரும். அடுத்து ‘வணக்கம்’ என்று தமிழில் கொடுங்கள். நமக்கு அது ஐந்து எழுத்து: வ, ண, க், க, ம். ஜாவாவில் லெங்த் (நீளம்) கேட்டால் 7 என்று சொல்லும், ஏனென்றால் இரண்டு புள்ளிகளையும் யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துப் பட்டியல் தனித்தனிக் குறிகளாக வைத்திருக்கிறது. அந்தக் குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட்டாக மாற்றினால் 21 வரும், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். நீங்கள் தலைப்பில் 7 என்று எழுதி, பின்னால் 21 பைட்டை வைத்தால், உண்மையான கிட் அந்தக் கோப்பை ஏற்க மறுக்கும். 21 என்று எழுதினால்தான் திறக்கும்.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. நீங்கள் பழகிய ஜாவா 8-இல், பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில், எழுத்துமுறை எதுவும் சொல்லாமல், எழுத்தைப் பைட்டாக மாற்றும் கெட்பைட்ஸை அழைத்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு கேள்விக்குறியாக மாறிவிடும். அப்போது பைட் எண்ணிக்கையும் 7 ஆகிவிடும். கணக்கு ஒத்துப்போகும், கிட் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் உள்ளே இருப்பது ஏழு கேள்விக்குறி. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் எங்கும் யூடிஎஃப்-8-தான் இயல்பு என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, ஒரே ஒரு ‘வணக்கம்’ உங்களுக்கு எழுத்து என்றால் என்ன, பைட் என்றால் என்ன, நீங்கள் இல்லாத காலத்தில் ஜாவா எதைத் திருத்திக்கொண்டது என்று மூன்றையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ‘ஜாவா 21-இன் புதிய அம்சங்கள்’ என்று ஒரு பாடத்தைப் பார்த்திருந்தால் இது மண்டையில் தங்கியிருக்காது.

கோப்பு முடிந்ததும் ட்ரீ. அது ஒரு கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அங்கே ஹாஷை 40 இலக்கமாக எழுதக்கூடாது, 20 பைட்டாக அப்படியே எழுத வேண்டும். இதில் கட்டாயம் ஒரு நாள் போகும், போகட்டும். பெயர்களை எந்த வரிசையில் வைப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை நீங்களே கண்டுபிடியுங்கள். அப்புறம் கமிட், அதாவது ஒரு நேரத்து நிலையைச் சேமித்த பதிவு: எந்த ட்ரீ, முந்தைய கமிட் எது, யார், எப்போது, என்ன செய்தி. இவ்வளவுதான் கிட்டின் உள்கட்டு. கிளை என்பது ஒரு கமிட்டின் ஹாஷை எழுதிவைத்த சின்னக் கோப்பு என்று ஒரு நாள் உங்களுக்கே புரியும். அன்றைக்கு அந்தப் பயம் போய்விடும், திரும்பி வராது.

இதை நான் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியர் இல்லாத இடத்தில் நீங்கள் செய்தது சரியா என்று யார் சொல்வது? இங்கே உண்மையான கிட்டே சொல்லிவிடும். நீங்கள் எழுதிய கோப்பை அது திறந்து படித்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. எந்த இலக்கை எடுத்தாலும் இப்படித் தீர்ப்புச் சொல்ல ஒன்று வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதும் குட்டி வெப் சர்வருக்கு பிரௌசர் தீர்ப்புச் சொல்லும். ரெடிஸ் என்ற தரவுத்தளம் மாதிரி ஒன்றை எழுதினால் ரெடிஸின் சொந்தக் கட்டளைக் கருவியை அதோடு இணைத்துப் பார்க்கலாம். ‘மெஷின் லேர்னிங் கற்பது’ என்ற இலக்குக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது, அதனால்தான் அது முடியவே முடியாது.

கிட் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எடுத்தால் வேலை விளம்பரத்துக்குப் பதில் நான் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, வேலையில் இருந்தபோது ‘இது உள்ளே எப்படி நடக்கிறது’ என்று தோன்றி, நேரமில்லாமல் விட்ட கேள்விகளை எழுதிப் பாருங்கள். ‘ஒரே இண்டெக்ஸ் வைத்ததும் அந்த எஸ்க்யூஎல் அவ்வளவு வேகமாக ஓடியது எப்படி?’ மாதிரி ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். எதை எழுதும்போது கை வேகமாக ஓடுகிறதோ அதை எடுங்கள்.

எடுத்த பிறகு, அதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘கிட்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்வது’ என்று எழுதினால் எந்த நாளிலும் அது முடிந்தது என்று சொல்ல முடியாது. ‘நான் ஜாவாவில் எழுதிய நிரல் உருவாக்கும் கமிட்டை, கிட்டின் லாக் (வரலாறு காட்டும்) கட்டளை படித்துக் காட்ட வேண்டும்’ என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். இதோடு சின்னதாக ஒரே ஒரு துணை இலக்கு போதும், அது ஆட்களோடு சேர்ந்ததாக இருக்கட்டும். அதைப் பிறகு சொல்கிறேன். முதன்மை இலக்கு இரண்டு வேண்டாம். ஒன்றில் சிக்கும்போதெல்லாம் மற்றதற்குத் தாவுவோம், இரண்டும் பாதியில் நிற்கும்.

இலக்கை நடுவில் மாற்றலாமா என்றால், தாராளமாக. ஆனால் எந்த மனநிலையில் மாற்றுகிறீர்கள் என்று கவனியுங்கள். ட்ரீயில் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்ட சாயங்காலம், ‘பேசாமல் ரியாக்ட்டே படித்திருக்கலாம்’ என்று தோன்றும். அன்றைக்கு மாற்றாதீர்கள். மறுநாள் யாரையாவது கூப்பிட்டு ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். சிக்கல் அவிழ்ந்த பிறகும் ஆசை வேறு பக்கம்தான் இழுக்கிறது என்றால் அது உண்மையான ஆசை, போங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். நீங்கள் வேலையில் இருந்தபோது அது இல்லவே இல்லை. மேலே சொன்ன கிட்டை அதனிடம் கேட்டால் சில நிமிடத்தில் எழுதித் தந்துவிடும். பிறகு 6 வாரம் எதற்கு? என் யோசனை, முதல் நாளே உங்களுக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: முதன்மை இலக்குக்கான நிரலில் ஒரு வரியும் அது எழுதக்கூடாது. ஒரு பிழைச்செய்திக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம், எழுதி முடித்த பிறகு ‘இதைப் பார்த்துக் குறை சொல்’ என்று காட்டலாம். வேலைக்குப் போனால் அந்தக் கருவிகள் கட்டாயம் தேவைப்படும், அதனால் கடைசி வாரத்தில் ஒரு சில நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். அப்போது அது எழுதித் தருவது சரியா தப்பா என்று சொல்கிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தால் அந்த இடம் கிடைக்காது.

தினமும் எழுதிவைப்பது பற்றி. நம் ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போனவர்கள் நாள்வழி என்று ஒரு கணக்கும் பேரேடு என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார்கள். அன்றன்று நடந்தது நாள்வழியில் ஏறும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். நீங்களும் அப்படியே இரண்டு வையுங்கள். நாள்வழியில் மூன்று வரி போதும்: இன்று எதை முயன்றேன், எங்கே சிக்கினேன், நாளைக் காலை முதலில் தொடுவது எது. மூன்றாவது வரிதான் உயிர். காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்காரும்போது ‘எங்கே விட்டோம்’ என்று தேடுவதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும், அந்த ஒரு வரி அதைக் காப்பாற்றும். வாரக் கடைசியில் பேரேடு: ‘எழுத்தும் பைட்டும்’, ‘ஹாஷ்’, ‘கோப்பு எழுதுதல்’ என்று விஷயத்துக்கு ஒரு பக்கம் போட்டு, அந்த வாரம் தெளிவானதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். நாளை நேர்முகத் தேர்வில் ‘இந்த எட்டு வருடத்துக்குப் பிறகு என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் எடுத்துச் சொல்ல அதில் சரக்கு இருக்கும்.

இப்போது ஆட்கள். அங்கே நாலு சமூக விதி உண்டு. ‘அட, இது கூடத் தெரியாதா?’ என்று ஆச்சரியப்படுகிற மாதிரி காட்டக்கூடாது. பேச்சுக்குச் சம்பந்தமில்லாத சின்னத் தப்பைப் பிடித்துக்கொண்டு திருத்தக்கூடாது. உட்கார்ந்து வேலையில் கலந்துகொள்ளாமல் ஓரத்தில் நின்று ‘அப்படிச் செய், இப்படிச் செய்’ என்று எறியக்கூடாது. ஆண் பெண், இனம், நிறம் பார்த்து வரும் சின்னச் சின்ன இளப்பமும் கூடாது. நம் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் முதல் விதியை எத்தனை பேர் மீறினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ‘இது கூடத் தெரியாதா’ என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை பேர் கேள்வியே கேட்காமல் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயம் அங்கே தேவையில்லை என்று விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன துணை இலக்கு இதுதான்: முதல் வாரத்திலேயே ஒருவரோடு சேர்ந்து நிரல் எழுத வேண்டும், விசைப்பலகை உங்கள் கையில் இருக்க வேண்டும். அவர் எழுத நீங்கள் பார்ப்பது கணக்கில் வராது. ஆங்கிலம் தடுக்கினால் தடுக்கட்டும், திரையில் நிரல் இருக்கிறது, அது பேசும். இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்க வேண்டாம். ‘எனக்கு இது தெரியாது, காட்டுங்கள்’ என்பது போதும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, நீங்கள் கண்டுபிடித்ததை மற்றவர்களுக்குச் சில நிமிடம் சொல்லிக் காட்டுங்கள். அந்த 5, 7, 21 கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பழகியவர்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், உங்களால் மட்டும் கொடுக்கக்கூடிய பாடம் அது.

வீட்டு ஏற்பாடும் இலக்கில் சேர்ந்ததுதான். நியூயார்க்கில் காலை 11 மணி என்பது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு இரவு 8.30, மற்ற மாதங்களில் இரவு 9.30. உங்கள் 6 வாரம் அந்த நாளைத் தாண்டிப் போனால் நடுவில் ஒரு மணி நேரம் நகரும், இப்போதே குறித்து வையுங்கள். அவர்களோடு பேசுவது, சேர்ந்து எழுதுவது எல்லாம் இரவு. தனியாக எழுதும் கனமான வேலையைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பகலில் வையுங்கள். இரவு எத்தனை மணிக்குக் கணினியை மூடுவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் மூன்றாம் வாரம் உடம்பு படுத்துவிடும்.

நீங்கள் பழைய வளவு வீட்டில், அதாவது முற்றமும் கட்டுகளுமாக நீளும் செட்டிநாட்டு வீட்டில் இருந்தால், முகப்பில் வைத்த வைஃபை இரண்டாங்கட்டுக்கு வராது. சுண்ணாம்புச் சுவரின் கனம் அப்படி. உட்காரும் இடம் வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துவிடுங்கள், சேர்ந்து எழுதும்போது குரல் அறுந்து அறுந்து வந்தால் பாதி உற்சாகம் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும், அன்றைக்குப் பேரேடு எழுதுகிற வேலையை வையுங்கள். படைப்பு (முன்னோர் வழிபாடு), திருவிழா, கல்யாணம் என்று அந்த 6 வாரத்தில் எதெதற்குப் போக வேண்டும், எதற்கு மற்றவர்கள் போய்வந்தால் போதும் என்று வீட்டில் உட்கார்ந்து முன்னாலேயே பேசிவிடுங்கள். மாமியாரிடம் ‘படிக்கிறேன்’ என்று சொல்வதைவிட ‘பகல் 10 முதல் 2 வரையும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் எனக்கு வேலை நேரம், 6 வாரம்’ என்று மணி சொல்லிக் கேளுங்கள். மணி சொன்னால் வீட்டில் யாருக்கும் குழப்பமில்லை, அவர்களும் அதற்கேற்ப ஏற்பாடு செய்வார்கள்.

ஜாவா 21-ஐ நிறுவுவது, எடிட்டர், ஜாவா நிரலைத் தொகுக்க உதவும் மேவன், கிட்டின் அன்றாடக் கட்டளைகள் ஆகியவற்றை முகாம் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தச் சில்லறை வேலையில் முதல் வாரத்தைத் தொலைக்காதீர்கள்.

முதல் நாள் உங்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வார்கள். தயங்காமல் எழுத ஒரு வரைவு தருகிறேன், உங்கள் வார்த்தைக்கு மாற்றி ஆங்கிலத்தில் போட்டுவிடுங்கள்:

“தமிழ்நாட்டில் செட்டிநாட்டுப் பகுதியில், தேவகோட்டையில் இருக்கிறேன். 2017 வரை ஜாவாவில் வேலை பார்த்தேன், பிறகு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டேன். இந்த 6 வாரத்தில் ஜாவாவில் ஒரு சின்ன கிட்டை எழுதப் போகிறேன். நான் உருவாக்கும் கமிட்டை உண்மையான கிட் படிக்க வேண்டும். இந்த வாரம் ப்ளாப் எழுதுகிறேன். பைனரி வடிவங்களில் வேலை செய்தவர்களோடு சேர்ந்து எழுத ஆசை. நியூயார்க் நேரம் காலை 11 முதல் மதியம் 1 வரை எனக்கு வசதி. யூனிகோடு பற்றி யாருக்காவது கேள்வி இருந்தால் என்னிடம் கேட்கலாம்.”